அழிக்காத ஐம்பது

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பதிவேட்டையும் வேலை நடப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவேன். தண்டையார்பேட்டையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். வெள்ளிக்கிழமை நடத்த வேண்டிய பாடத்துக்குத் திங்கட்கிழமையே ‘நடத்தி முடிக்கப்பட்டது’ என்று எழுதி வைத்துவிடுவேன். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் என் மேசையில் எல்லாம் தயாராக இருக்கும். மற்ற ஆசிரியைகள் கடைசி நேரத்தில் பதறிப் பதறி எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "முன்னாடியே முடிச்சு வெச்சா என்ன கேடு?" என்று முகத்துக்கு நேரே கேட்பேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பழக்கத்தால் ஒரு தேர்தலில் ஒரு குப்பத்தின் மொத்த ஓட்டையும் கெடுத்தேன். அதில் ஒரு ஓட்டு எங்கள் தெருவில் மீன் விற்கிறவளுடையது.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருபது வருடப் பழக்கம். அவள் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டாலும் ‘நீ, வா, போ’தான். நானும் அப்படியே. அவள் வீடு திருவொற்றியூர் பக்கம், கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில். விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, எங்கள் தெருக்களில் விற்றுவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் வீடு திரும்புவாள். அன்றைய முதல் விற்பனை, அதாவது போணி, எப்போதும் என் கையால்தான். நான் முதலில் வாங்குகிற நாளில் கூடை பத்து மணிக்குள் காலியாகிவிடுகிறது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அன்றும் வந்து வாசலில் நிற்பாள். "வாங்க வேணாம், கூடைய தொட்டுட்டுப் போ" என்பாள். நான் பல் தேய்த்துக்கொண்டே வந்து ஒரு விரலால் கூடையைத் தொடுவேன். "தோ, ஆயிடிச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பாள்.

ஒரு நாடாளுமன்றத் தேர்தல் நாளுக்கு மறுநாள் அவள் போணிக்கு வரவில்லை, சண்டைக்கு வந்தாள். கூடையைப் படியில் ‘டங்’ என்று வைத்தாள்.

"உங்க கவர்மென்ட்டு இன்னா பண்ணிகினு கீது டீச்சர்? நேத்து ஒண்ற அவரு லைன்ல நின்னேன். உள்ள போனா என் பேரு இல்லியாம். வூடு மாறிப் போயிட்டேனாம். நான் பொறந்து வளந்த வூட்ட வுட்டு எங்க போனேன்? சொல்லு!"

அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் அவளுக்கு நான்தான் அரசாங்கம். தார் ரோடு, குழாய்த் தண்ணீர், மின்வெட்டு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பாள். விசாரித்ததில் விஷயம் இதுதான்: பட்டியல் திருத்த வந்தவர் இரண்டு மூன்று முறை போயிருக்கிறார், ஒவ்வொரு முறையும் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. இவள் மார்க்கெட்டில், புருஷன் கடலில், அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடை தூக்கிப் போயிருக்கிறார்கள். ‘குடிபெயர்ந்தவர்’ என்று எழுதிவிட்டார்.

"பட்டியல் ஒட்டினாங்களே, அப்பவே பாக்க வேண்டியதுதானே?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"நான் மீனப் பாப்பேனா, செவுத்தப் பாப்பேனா?"

அவள் கேட்டது நியாயம். ஆனால் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்து, அவளைப் படியில் உட்காரவைத்து, நானே எழுதினேன். முதல் முறை புகைப்படம் சரியில்லை என்று திருப்பினார்கள். இரண்டாவது முறை முகவரிச் சான்று போதாது என்றார்கள். மூன்றாவது முறை பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு அலுவலகத்துக்கே போனேன். அங்கே இருந்த எழுத்தரிடம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அட்டை வந்தது. அதை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, மீன் தண்ணீர் படாமல், சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இத்தினி அலைச்சலும் எதுக்கு, ஒரு ஓட்டுக்கா?" என்று எதிர் வீட்டுக்காரி கேட்டாள்.

"ஊர்ல எல்லாரும் சிரிக்கிறாளுங்க. ‘நீ ஊர்லியே இல்லியாமே’ன்றாளுங்க. அலை வந்து செவுத்த மோதுது, கல்லு கொட்டச் சொல்லி மனு குடுத்தா, கட்சிக்காரன் எத்தினி ஓட்டு கீதுன்னு தான் எண்றான். அந்த எண்ணுல நான் இல்லன்னா, நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்றாள்.

அதைக் கேட்டதும் அடுத்த தேர்தலில் அவள் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று எனக்கு அவளைவிட அதிக வெறி வந்துவிட்டது.

அடுத்து வந்தது சட்டமன்றத் தேர்தல். வழக்கம்போல எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை. சொந்தத் தொகுதியில் போட மாட்டார்கள். எந்தச் சாவடி என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், முந்தின நாள்தான் தெரியும். ஆணையை வாங்கிப் பிரித்துப் பார்த்தால், அவள் குப்பத்துப் பள்ளிக்கூடம். நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஆசிரியர், எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மத்தியானமே கருவிகளோடு போய்ச் சேர்ந்துவிட்டோம். மேசை போட்டு, மறைப்பு அட்டை வைத்து, சுவரில் ஒட்ட வேண்டியதை எல்லாம் ஒட்டியாயிற்று. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நான் படிவங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றா இரண்டா, ஒரு கட்டுப் படிவங்கள். எல்லாவற்றையும் என் அழகான கையெழுத்தில் நிரப்பினேன். அதில் ஒன்று, மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழ்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாக்குப்பதிவு தொடங்கும் முன் விடியற்காலையில் கட்சி ஏஜென்டுகளை உட்காரவைத்து, கருவியில் ஐம்பது சும்மா ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தச் சின்னத்துக்குப் போகிறது என்று அவர்கள் கண்ணால் பார்ப்பதற்காக. பார்த்து முடித்ததும் மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும். ஒன்று மூடும், ஒன்று முடிவைக் காட்டும், ஒன்று அழிக்கும். அழித்த பிறகு கருவியில் பூஜ்யம் நிற்கும். அதற்கப்புறம்தான் உண்மையான ஓட்டு. ‘மாதிரி வாக்குகள் அனைத்தும் அழிக்கப்பட்டன’ என்ற வரிக்கு எதிரே, முந்தின நாள் சாயங்காலமே, நான் டிக் அடித்துவிட்டேன்.

என்னோடு இரண்டாம் அலுவலராக வந்திருந்தவர் ஒரு வங்கி எழுத்தர். மெதுவாகப் பேசுகிற மனிதர். "மேடம், இது நாளைக்கு நடந்த பிறகு எழுதுறதில்லையா?" என்றார்.

"நடக்காமலா போயிடப் போகுது?" என்றேன்.

அவர் மேற்கொண்டு சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

காலையில் ஐந்தரைக்கு ஒரு ஏஜென்ட் வந்துவிட்டார். இன்னொருவர் படகு வந்த வேலையை முடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கால் மணி நேரம் தாமதமாக ஓடி வந்தார். இரண்டு பேரும் அந்தக் குப்பத்து மீனவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்களும்கூட. அதற்குள் வெளியே பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். அந்தக் குப்பத்தில் ஓட்டு நாள் என்றால் பெண்கள்தான் முதலில். ஏழு மணிக்குப் போட்டுவிட்டு ஓட்டமாக மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே காலிக் கூடைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. "சீக்கிரம் தொறங்க டீச்சர், ஏலம் போய்டும்" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்துகொண்டே இருந்தது.

ஏஜென்டுகள் மாறி மாறி அழுத்தி ஐம்பது ஓட்டும் போட்டார்கள். கருவியில் மொத்தம் எவ்வளவு என்று பார்த்தோம், ஐம்பது. கருவியோடு சேர்ந்த, ஓட்டுக்கு ஒரு சீட்டு அச்சாகி விழும் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ணினோம், ஐம்பது. சீட்டுகளில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்பதும் ஏஜென்டுகள் குறித்து வைத்திருந்த கணக்கோடு சரி. சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டினேன். அடுத்து அந்த மூன்று பொத்தான்கள்.

அப்போதுதான் சண்டை ஆரம்பித்தது. முதல் ஓட்டை யார் போடுவது?

"போணி எங்க பெரியப்பா கையாலதான். அவரு கைராசிக்கு ஊரே சாட்சி" என்றார் ஒருவர்.

"உங்க பெரியப்பா போணி பண்ணித்தான் போன தபா நாங்க தோத்தோம். எங்க மச்சான் வரட்டும்" என்றார் தாமதமாக வந்தவர்.

"யோவ், நீ லேட்டா வந்துட்டு பேசாத!"

"லேட்டா வந்தா இன்னா, ஆள் இல்லியா நானு?"

கடலில் பேசிப் பழகிய குரல்கள். வகுப்பறையே அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அவரவர் ஆளுக்குக் கத்தினார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மேசையை ஓங்கித் தட்டினேன்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்! இது என்ன மீன் மார்க்கெட்டா? பெரியப்பாவும் கிடையாது, மச்சானும் கிடையாது. வரிசையில யார் முதல்ல நிக்கிறாங்களோ அவங்கதான் போடுவாங்க. யாருய்யா முதல் ஆள்?"

வாசலில் இருந்த காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு அம்மா நிக்கிறாங்க மேடம். அஞ்சு மணிலேர்ந்து நிக்கிறாங்க" என்றார்.

அவள்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் இரண்டு ஏஜென்டுகளும் அடங்கிவிட்டார்கள். "அக்கான்னா சரி. அது நல்ல கை" என்றார் ஒருவர். இருவரும் அந்த மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர்ச் சண்டையை ஒரு சட்டத்தால் தீர்த்துவைத்தேன், அந்தச் சட்டத்தின் முதல் பலன் என் மீன்காரிக்குப் போகிறது என்று நினைத்தேன்.

மணி ஏழாக ஐந்து நிமிடம். படிவத்தை ஒரு முறை பார்த்தேன். ‘அனைத்தும் அழிக்கப்பட்டன’, எதிரே டிக். என் கையெழுத்துதான். அதை நம்பினேன். கருவிக்கு முத்திரை வைத்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னேன்.

அவள் உள்ளே வந்தாள். விரலில் மை வைத்தார்கள், பதிவேட்டில் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். தேர்தல் வேலையில் இருப்பவர்களிடம் பேசக் கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, என்னை முன்பின் தெரியாதவள் மாதிரி விறைப்பாகக் கடந்து போனாள். மறைப்புக்குள் கொஞ்ச நேரம் நின்றாள். ‘பீப்’ என்று நீளமாகச் சத்தம் கேட்டது. வெளியே வாசற்படியைத் தாண்டியதும்தான் திரும்பினாள்.

"போணி ஆயிடிச்சி டீச்சர்!" என்று கத்தினாள். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் காலை நேரத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்த தேர்தல் நாள் இன்னொன்று இல்லை.

ஒன்பது மணிக்கு எவ்வளவு ஓட்டு விழுந்தது என்று மேலே தகவல் சொல்ல வேண்டும். இரண்டாம் அலுவலர் பதிவேட்டைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து குனிந்து, "மேடம், கருவியில அம்பது ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூன்று பொத்தான்களையும் நான் தொடவே இல்லை. ஏஜென்டுகள் போட்ட ஐம்பது சும்மா ஓட்டுகளின் மேலேயே இந்த ஜனத்தின் ஓட்டுகள் போய் விழுந்துகொண்டிருந்தன. அழிக்கவும் முடியாது. அழித்தால் எல்லாம் போகும்.

அந்த மனிதர், ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மேல் பாய்ந்திருப்பேன், எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். பதிவேட்டில் உள்ள எண்ணை மட்டும் மேலே சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன். எண்ணுகிற நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது. எண்ணும்போது தெரிந்தாலும் கருவிக் கோளாறு என்று போய்விடும். இரண்டு பெண்கள் உள்ளே வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிற நேரம் வரை அந்த நினைப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மண்டல அலுவலருக்குப் போன் போட்டேன்.

"என்ன டீச்சர் இது! மூணு தடவை கிளாஸ் எடுத்தோமே! நீங்கதானே முன் வரிசையில உக்காந்து எங்களுக்கே திருத்தம் சொன்னீங்க?" என்று அவர் கத்தினார். கத்தி முடித்துவிட்டு விதியைச் சொன்னார். வாக்குப்பதிவு தொடர்ந்து நடக்க வேண்டும். எண்ணிக்கையின்போது இந்தக் கருவியை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். முதல் இரண்டு இடத்தில் வரும் வேட்பாளர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் இந்தச் சாவடியில் விழுந்த ஓட்டைவிடக் குறைவாக இருந்தால், பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்து எண்ணுவார்கள்.

"அதிகமா இருந்தா?"

"அதிகமா இருந்தா தேவைப்படாது. அப்படியே கிடக்கும்."

ஏஜென்டுகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப எங்க ஜனம் இன்னா பொம்மையா டீச்சர்?" என்றார் ஒருவர். மற்றவர், "ஏய், நாமளும் பாக்காம கையெயுத்துப் போட்டுட்டமே" என்றார். வெளியே போனால் ஊர் அவர்களையும் சேர்த்துத்தான் கேட்கும். மாலை வரை ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, வெயில் ஏற ஏற வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ‘பீப்’புக்கும் எனக்கு உடம்பு கூசியது.

எண்ணிக்கைக்குச் சில வாரங்கள் இருந்தன. அத்தனை நாளும் அவள் வழக்கம்போல வந்தாள். ஏஜென்டுகள் குப்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. "இந்த தபா என் கையால போணி ஆயி கீது, பாத்துகினே இரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தாள். நானும் சொல்லவில்லை. தினம் காலையில் முதல் ஆளாக மீன் வாங்கினேன். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பதில் எனக்கு அக்கறையே போய்விட்டது. இழுபறியாக இருக்கட்டும், நூறு ஓட்டு வித்தியாசத்தில் இருக்கட்டும் என்றுதான் தினம் சாமி விளக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டு தேர்தல் முடிவுக்குக் காத்திருந்தவள் அந்தத் தொகுதியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இழுபறி இல்லை. அந்தக் குப்பத்தைப் போலப் பல குப்பங்களைக் கொண்டுவந்து போட்டாலும் நிரம்பாத வித்தியாசம். டிவியில் அந்த எண் வந்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

மறுநாள் காலை அவள் வந்து கூடையை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னிக்கு என் கையால வேணாம். உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

"இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லியா?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல், யார் மேலும் பழி போடாமல் சொன்னேன். ஏஜென்டுகளின் சண்டையைக்கூடச் சொல்லவில்லை. பொத்தானை அழுத்த மறந்தவள் நான், அழுத்தியதாக முந்தின நாளே எழுதி வைத்தவளும் நான் என்றேன். அவள் கூடையில் இருந்த சங்கரா மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் போணி பண்ணல?"

"இல்ல. உன்னோடது அம்பத்தொண்ணாவது."

"அதுக்கு முன்னால அம்பது ஓட்டு யாரு போட்டது?"

"யாரும் இல்ல. கருவி ஓடுதான்னு பாக்க ஏஜென்டுங்க சும்மா போட்டது."

"அந்தச் சும்மா ஓட்டும் என் ஓட்டும் ஒரே மெஷின்ல கீது."

"ஆமா."

"ரெண்டையும் எண்ணல."

"எண்ணல."

"அப்ப என்னுதும் சும்மாதானா டீச்சர்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வகுப்பில் குடியுரிமைப் பாடம் நடத்தும்போது நான் சொல்கிற வாக்கியங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஒன்றைக்கூட அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "மன்னிச்சிடு" என்று மட்டும் சொன்னேன். அழுகையாக வந்தது.

"நீ அழுவாத. அழுது இன்னா ஆவப் போவுது?" என்றாள். மீனைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, "அன்னிக்கு இன்னா சொன்ன? இது இன்னா மீன் மார்க்கெட்டான்னு கேட்டியே? மார்க்கெட்ல ஒரு ஏலம் முடிஞ்சா, தொட்டிய கவுத்து, தண்ணி ஊத்தி கயுவித்தான் அடுத்த ஏலம் வுடுவாங்கோ. பயைய மீன் ஒண்ணு ஒட்டிகினு இருந்தாக்கூட வுட மாட்டோம். நீ கயுவவே இல்லியே டீச்சர்" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். அன்றைக்குப் போணி அங்கே ஆனது.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. மீன் விற்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் தெருவில் எல்லா வீடும் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் என் வாசலுக்கு வருவாள். மிச்சம் இருப்பதைக் கொடுப்பாள். எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அது ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் கொடுத்த தண்டனை மட்டும் தினமும் காலையில் எதிர் வீட்டு வாசலில் நடந்தது. பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

குப்பத்தில் அவள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். பெண்கள் அந்த இரண்டு ஏஜென்டுகளையும் வலை காயப்போடும் இடத்தில் வளைத்துக்கொண்டு, ‘இன்னாத்த பாத்து கையெயுத்துப் போட்டீங்கோ’ என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு நாள், கடைசி மீனை எனக்கு நிறுத்துப் போட்டுவிட்டு, அவள் படியில் உட்கார்ந்தாள்.

"அந்த மூணு பட்டன் இன்னா டீச்சர்? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். விரலை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "மூடு, காட்டு, அயி. மூடு, காட்டு, அயி." பிறகு எழுந்து போய்விட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எது கேட்டாலும் வாங்கிக்கட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து மாநகராட்சித் தேர்தல் வந்தது. அந்த முறை எனக்கு வேறு எங்கோ, மணலி புதுநகர் பக்கம் வேலை. படிவங்களை வெற்றாக வைத்துக்கொண்டு போனேன். மூன்று பொத்தான்களையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினேன், பூஜ்யத்தை எல்லாருக்கும் காட்டினேன், அப்புறம்தான் பேனாவை எடுத்தேன். கூட இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பள்ளியிலும் இப்போது நடத்தாத பாடத்தை நடத்தினேன் என்று எழுதுவதில்லை. போன ஆய்வில் அதிகாரி, "நீங்களா இப்படி?" என்று கேட்டுத் திட்டிவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன்.

தேர்தலுக்கு மறுநாள் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் தெருமுனையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். அவ்வளவு காலையில் என் படிக்கு அவள் வந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. கூடை நிறைய மீன்.

"நேத்து நான் ஏஜென்ட்டா குந்துனேன் டீச்சர்" என்றாள்.

எந்த வேட்பாளருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய ஏஜென்டுகளைப் பெண்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். காலையில் ஐந்தேகாலுக்கே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒரு சின்ன வயசு ஆபீசரு. சும்மா ஓட்டு போட்டு முடிச்சாரு. உடனே கையெயுத்துப் போடுங்கம்மான்னு நீட்றாரு. நான் சொன்னேன், நைனா, மூடுனியா, காட்டுனியா, அயிச்சியா? அயிச்சிட்டேம்மான்றாரு. வாய்ல சொல்லாத, காட்டுன்னேன். முட்டை வந்திச்சி. கிட்ட போய் கண்ணால பாத்தேன். அப்பால தான் கையெயுத்து."

"என்ன சொன்னார்?"

"இத்தெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாரு. ஒரு டீச்சர் கீது, அது மறந்ததால நான் கத்துகினேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன், கண் கலங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நிறைகூடை என் வாசலில் இருந்தது. கேட்காமலே கையை நீட்டினேன், கூடையைத் தொட.

அவள் கூடையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அத்த மட்டும் கேக்காத டீச்சர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "உனுக்கு அப்பால வரேன். நல்ல சங்கராவா எடுத்து வெக்கிறேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். அங்கே இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை, கதவு சாத்தியிருந்தது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கதவு திறக்கும் வரை அங்கேயே நின்றாள்.